வசதியான அரசியல்வாதிகள் சம்பளம் வாங்கலாமா, வேண்டாமா?

"எனக்குச் சம்பளம் வேண்டாம்."

ஓர் அரசியல்வாதி இப்படிச் சொன்னால் அந்தச் செய்தி வேகமாகப் பரவும். கீழே கருத்துகளும் குவியும். "இவர்தான் உண்மையான தலைவர்" என்பார் ஒருவர். "எல்லாம் சும்மா நாடகம்" என்பார் இன்னொருவர். "ஏற்கெனவே கோடிக்கணக்கில் காசு இருக்கிறவங்களுக்கு மக்கள் பணத்திலிருந்து எதுக்குச் சம்பளம்?" என்று மூன்றாமவர் கேட்பார்.

அந்த மூன்றாவது கேள்வி நியாயமானதுதான். வீட்டு வாடகைக்கும் மளிகைச் சாமானுக்கும் அவதிப்படாத ஒருவர், பொதுப்பணத்திலிருந்து மாதாமாதம் பெரிய தொகை வாங்குவது பலருக்கு உறுத்தலாக இருக்கிறது. ஆனால் பதில் முதல் பார்வையில் தோன்றும் அளவுக்கு எளிதில்லை. யார், எங்கே, எப்படிச் சம்பளத்தை வேண்டாமென்றார்கள், அதன்பின் என்ன நடந்தது என்று கொஞ்சம் பார்ப்போம், வாங்க.

முதலில் எண்கள்: இங்கே யாருக்கு எவ்வளவு?

சிங்கப்பூரில் அரசியல் பதவி வகிப்போரின் சம்பளம் எப்போதுமே சூடான தலைப்பு. 2011 பொதுத் தேர்தலில் அதுவும் ஒரு பெரிய பேச்சாக இருந்தது. தேர்தல் முடிந்த அதே மாதம், சம்பளத்தை மறுஆய்வு செய்யத் திரு ஜெரார்ட் ஈ தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுவின் அறிக்கை 2012 ஜனவரியில் வெளிவந்தது. அதில் இருந்த முக்கிய எண்கள் இவை:

• தொடக்கநிலை அமைச்சர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1.1 மில்லியன் வெள்ளி
• பிரதமருக்கு 2.2 மில்லியன் வெள்ளி
• அதிபருக்கு 1.54 மில்லியன் வெள்ளி (முன்பைவிட 51 விழுக்காடு குறைவு)
• நாடாளுமன்ற உறுப்பினருக்கான படித்தொகை 192,500 வெள்ளி

இந்த 1.1 மில்லியன் வெள்ளியை எப்படிக் கணக்கிட்டார்கள்? சிங்கப்பூர்க் குடிமக்களில் ஆக அதிகம் சம்பாதிக்கும் 1,000 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய இடைநிலை வருமானத்தைக் கண்டுபிடித்தார்கள். பிறகு அதிலிருந்து 40 விழுக்காட்டைக் கழித்தார்கள்.

அந்த 40 விழுக்காடு எதற்கு? 'பொதுச் சேவைக்கு வருகிறவர் கொஞ்சம் தியாகம் செய்யத்தான் வேண்டும்' என்பதைக் காட்டுவதற்கு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விட்டுக்கொடுப்பதைத் தனிமனிதரின் பெருந்தன்மைக்கு விடாமல், எல்லோருக்கும் பொதுவாகச் சூத்திரத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. அமைச்சரின் ஆண்டுச் சம்பளம் ஒரே மாதிரி வந்துகொண்டிருக்காது. மாதம் 55,000 வெள்ளி என்று வைத்து, 20 மாதச் சம்பளமாக அது கணக்கிடப்படுகிறது. அதில் 13 மாதச் சம்பளம் நிலையானது. மீதி 7 மாதங்களுக்கு உரியது, நாட்டின் நிலையையும் அவருடைய செயல்பாட்டையும் பொறுத்து ஏறும், இறங்கும். 'தேசிய போனஸ்' என்ற பகுதிக்கு நான்கு அளவுகோல்கள் உள்ளன: இடைநிலை வருமான வளர்ச்சி, ஆகக் குறைந்த வருமானம் ஈட்டும் 20 விழுக்காட்டினரின் வருமான வளர்ச்சி, வேலையின்மை விகிதம், பொருளியல் வளர்ச்சி. பிரதமருக்குச் செயல்பாட்டு போனஸ் கிடையாது. அவரை மதிப்பிட மேலதிகாரி இல்லையே!

மலேசியாவில்?

கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் எண்கள் மிகவும் வேறு. அங்கே நாடாளுமன்ற உறுப்பினரின் மாதாந்தரப் படித்தொகை 16,000 ரிங்கிட். பிரதமர் பதவிக்கான மாதச் சம்பளம் 22,826.65 ரிங்கிட்.

2022 நவம்பர் 24ஆம் தேதி மலேசியாவின் 10ஆவது பிரதமராகப் பதவியேற்ற திரு அன்வார் இப்ராஹிம், பிரதமருக்கான சம்பளத்தைத் தாம் பெறப்போவதில்லை என்று அறிவித்தார். அடுத்த மாதமே அவருடைய அமைச்சர்கள் தங்கள் சம்பளத்தில் 20 விழுக்காட்டைக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2018இல், டாக்டர் மகாதீர் முகமதின் அமைச்சரவையும் 10 விழுக்காட்டுக் குறைப்பை அறிவித்திருந்தது.

இதனால் எவ்வளவு மிச்சம்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிரதமரின் ஓராண்டுச் சம்பளம் ஏறக்குறைய 274,000 ரிங்கிட். மலேசியாவின் 2024 வரவுசெலவுத் திட்டம் 393.8 பில்லியன் ரிங்கிட். அதாவது மிச்சமாகும் தொகை, மொத்தச் செலவின் மில்லியனில் ஒரு பங்குகூட இல்லை.

ஆக, சம்பளத்தை வேண்டாமென்பதால் அரசாங்கக் கஜானா நிரம்பிவிடாது. அது ஓர் அடையாளம். விலைவாசி ஏறி மக்கள் திண்டாடும்போது, "உங்கள் கஷ்டம் எங்களுக்கும் தெரியும்" என்று சொல்வதற்கான ஒரு வழி. அடையாளங்களுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அதன் மதிப்பு காசில் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு மேலே போவோம்.

சம்பளம் என்ற ஒன்று ஏன் வந்தது?

இப்போது கொஞ்சம் வரலாறு. அரசியல்வாதிக்குச் சம்பளம் கொடுப்பது பணக்காரர்களுக்குக் கிடைத்த சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். அது ஏழைகள் போராடிப் பெற்ற உரிமை.

பிரிட்டனில் 1911 வரை நாடாளுமன்றத்தின் கீழவை உறுப்பினர்களுக்குச் சம்பளமே இல்லை. கேட்பதற்கு நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் அங்கே போய் உட்கார முடிந்தது? நிலபுலன் உள்ளவர்களும் தொழிலதிபர்களும். ஒரு சுரங்கத் தொழிலாளி லண்டனுக்குப் போய் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் உட்கார்ந்தால், அவர் குடும்பத்துக்குச் சாப்பாடு?

அதனால்தான் 1838இல் 'சார்ட்டிஸ்ட்' என்றழைக்கப்பட்ட தொழிலாளர் இயக்கம் முன்வைத்த ஆறு கோரிக்கைகளில் ஒன்றாக 'உறுப்பினர்களுக்குச் சம்பளம்' இடம்பெற்றது. வாக்குரிமை, ரகசிய வாக்கெடுப்பு ஆகியவற்றோடு சேர்த்து அதையும் கேட்டார்கள். வாக்களிக்கும் உரிமை மட்டும் கிடைத்து, போட்டியிட வசதி இல்லையென்றால் அந்த உரிமை பாதிதான் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. அந்தக் கோரிக்கை நிறைவேற 70 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1911இல் ஆண்டுக்கு 400 பவுண்ட் என்று சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது.

அமெரிக்காவிலும் இதே விவாதம் நடந்தது. 1787இல் அரசமைப்புச் சட்டத்தை எழுதக் கூடியபோது, நிர்வாகத் தலைவர் பதவிக்குச் சம்பளமே வேண்டாம் என்று பெஞ்சமின் ஃபிராங்கிளின் யோசனை சொன்னார். பணமும் பதவியும் ஒரே இடத்தில் சேர்ந்தால் பேராசைக்காரர்கள்தான் வருவார்கள் என்பது அவருடைய கவலை. மற்றவர்கள் அதை ஏற்கவில்லை. அதிபருக்குச் சம்பளம் உண்டு, அவருடைய பதவிக்காலத்தில் அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது என்று எழுதிவைத்தார்கள். சம்பளத்தைக் காட்டி யாரும் அதிபரை மிரட்டவோ வளைக்கவோ கூடாது என்பதற்காக.

வேண்டாமென்பதில் மூன்று வகை

'சம்பளம் வேண்டாம்' என்ற செய்திகள் எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தாலும், உண்மையில் அவை மூன்று வெவ்வேறு விஷயங்கள்.

1. வாங்கவே மாட்டேன் என்பது

திரு அன்வார் செய்தது இந்த வகை. நியூயார்க் நகரின் மேயராக 2002 முதல் 2013 வரை இருந்த செல்வந்தர் மைக்கல் புளூம்பர்க்கும் ஆண்டுக்கு ஒரே ஒரு டாலர்தான் வாங்கினார். தமிழர்களுக்கு ரொம்பவும் தெரிந்த உதாரணம், 1991இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரான ஜெயலலிதா. மாதச் சம்பளம் ஒரு ரூபாய்.

2. வாங்கி, நன்கொடையாகக் கொடுப்பது

அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி செல்வந்தக் குடும்பத்திலிருந்து வந்தவர். தமது 100,000 டாலர் சம்பளத்தை அறநிறுவனங்களுக்குக் கொடுத்தார். டோனல்ட் டிரம்ப் தமது முதல் தவணையில் 400,000 டாலர் ஆண்டுச் சம்பளத்தை அரசாங்கத் துறைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவந்தார்.

சிங்கப்பூரிலும் இது நடந்திருக்கிறது. 2007இல் அமைச்சர்களின் சம்பளம் உயர்த்தப்பட்டபோது, அப்போதைய பிரதமர் திரு லீ சியென் லூங் தமது சம்பள உயர்வை அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு நற்பணிகளுக்குக் கொடுப்பதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். சம்பள உயர்வுக் கொள்கையை எடுத்துப் பேசுவதற்கான தார்மிகத் தகுதி தமக்கு வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். 2020இல் எதிர்த்தரப்புத் தலைவர் பொறுப்புக்கு ஆண்டுக்கு 385,000 வெள்ளி என்று அறிவிக்கப்பட்டது. அப்போது திரு பிரீத்தம் சிங், நாடாளுமன்ற உறுப்பினர் படித்தொகைக்கு மேல் தமக்குக் கிடைக்கும் கூடுதல் தொகையில், வரி போக மீதமுள்ளதில் பாதியைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். வசதி குறைந்த குடியிருப்பாளர்கள், சமூகத் திட்டங்கள், கட்சி ஆகியவை அதைப் பெறும் பட்டியலில் இருந்தன.

3. எல்லோரும் சேர்ந்து குறைத்துக்கொள்வது

கோவிட்-19 கிருமிப்பரவலின்போது, 2020இல் சிங்கப்பூரின் அரசியல் பதவி வகிப்போர் அனைவரும் மொத்தம் மூன்று மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்தார்கள். மலேசிய அமைச்சரவைகளின் 10, 20 விழுக்காட்டுக் குறைப்புகளும் இந்த வகைதான்.

மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? முதல் இரண்டிலும் கவனம் முழுக்க அந்த ஒருவர்மீது விழுகிறது. மூன்றாவதில் யாரும் தனியாக நல்லவராகத் தெரிவதில்லை. யாரும் கெட்டவராகவும் தெரிவதில்லை. 'நெருக்கடிக் காலத்தில் இந்தப் பதவியில் இருப்பவர்கள் இப்படித்தான் செய்வார்கள்' என்ற பொது வழக்கம் மட்டும் உருவாகிறது.

"வேண்டாம் என்று சொல்லட்டுமே, என்ன தப்பு?"

வசதியானவர்கள் சம்பளத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பவர்களின் வாதங்களைப் பார்ப்போம். அவற்றில் நியாயம் இருக்கிறது.

முதலாவது, நம்பிக்கை. பதவிக்கு வந்தது காசுக்காக இல்லை என்று மக்கள் நம்ப ஏதாவது ஒன்று தேவை. சம்பளத்தை விடுவது எல்லோருக்கும் உடனே புரிகிற செயல்.

இரண்டாவது, முன்மாதிரி. "எல்லோரும் சிக்கனமாக இருங்கள்" என்று அரசாங்கம் சொல்லும்போது, சொல்கிறவரும் எதையாவது இழந்திருந்தால்தான் அந்தப் பேச்சு எடுபடும்.

மூன்றாவது, தேவை. பொதுப்பணம் தேவை உள்ளவருக்குப் போகட்டும் என்பது நல்ல எண்ணம். 2018இல் இந்திய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வருண் காந்தி, மக்களவைத் தலைவருக்கு இதே கருத்தில் ஒரு கடிதம் எழுதினார். வசதி படைத்த உறுப்பினர்கள் தவணையின் எஞ்சிய காலத்துக்குச் சம்பளத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அந்த யோசனையை ஒரு விதியாகவே ஆக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

2024இல் இந்திய மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 543 பேரில் 504 பேர் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் சொத்து உள்ளவர்கள். வேட்பாளர்கள் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரங்களைத் தொகுத்து, ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் வெளியிட்ட கணக்கு இது. அந்த 504 பேரும் சம்பளம் வேண்டாமென்று சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மீதி 39 பேர்? அவர்கள்தான் 'மக்கள் பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள்' ஆகிவிடுவார்கள். தேர்தல் மேடையில் எதிராளி என்ன பேசுவார் என்று யோசித்துப் பாருங்கள்: "நான் இலவசமாகச் சேவை செய்கிறேன். இவர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்!"

எந்த ஏழைக்காகச் சம்பளம் என்ற ஏற்பாடு வந்ததோ, அந்த ஏழைக்கே அது அவமானமாகிவிடும்.

இலவசமாக வருவதைக் கேள்வி கேட்க முடியுமா?

'தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. சும்மா கிடைத்ததைக் குறை சொல்லக்கூடாது என்பது அதன் பொருள். உறவினர் வீட்டுப் பரிசுக்கு அது சரி. நாட்டை நடத்துகிறவர்களுக்குச் சரிவராது.

நாம் சம்பளம் கொடுக்கும்போது, அமைச்சர் நமக்குக் கடமைப்பட்டவர். "ஏன் இன்னும் லிஃப்ட் சரியாகவில்லை?" என்று உரிமையோடு கேட்கலாம். அவர் சம்பளமே வாங்காதபோது, நாம்தான் அவருக்குக் கடமைப்பட்டவர்கள் போல ஆகிவிடுகிறது. "பாவம், சும்மா வந்து வேலை செய்கிறார், அவரைப் போய்க் குறை சொல்றீங்களே" என்று பேச்சு வரும்.

சம்பளத்துக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. அதைக் குறைக்க முடியும்! மேலே பார்த்த தேசிய போனஸை நினைத்துப் பாருங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களின் வருமானம் வளராவிட்டால் அமைச்சரின் வருமானமும் இறங்கும். அமைச்சரையும் அந்தக் குடும்பங்களையும் கட்டிவைத்திருக்கும் கயிறு அது. சம்பளமே வாங்காதவரை அந்தக் கயிறு கட்டாது.

ஒரு ரூபாய் சொல்லும் பாடம்

ஜெயலலிதாவின் உதாரணத்துக்குத் திரும்புவோம். 1991இலிருந்து 1996 வரையிலான அதே பதவிக்காலத்தில், வருமானத்துக்கு மீறிச் சொத்துச் சேர்த்ததாக அவர்மீது வழக்கு தொடரப்பட்டது. 2014 செப்டம்பரில் பெங்களூர் சிறப்பு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. நான்கு ஆண்டுச் சிறை, 100 கோடி ரூபாய் அபராதம். 2015இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சிறப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பை மீண்டும் நிலைநிறுத்தியது. அதற்குள் அவர் காலமாகிவிட்டதால், அவர்மீதான நடவடிக்கை மட்டும் முடிவுக்கு வந்தது. வழக்கில் சேர்க்கப்பட்டிருந்த வி.கே. சசிகலாவும் மற்ற இருவரும் சிறை சென்றார்கள்.

அந்த வழக்கில் அவர் வாங்கிய ஒரு ரூபாய் சம்பளமும் பேச்சுக்கு வந்தது. சம்பளம் ஒரு ரூபாய் என்றால், சொத்து எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இன்னும் பெரிதாகத்தானே எழும்?

டிரம்ப் விஷயத்திலும் இதே போல ஒரு கேள்வி எழுந்தது. அதிபர் சம்பளத்தை அவர் கொடுத்துவிட்டார். ஆனால் அவருடைய ஹோட்டல் தொழில் தொடர்ந்து நடந்தது. வெளிநாட்டு அரசாங்கங்களின் பிரதிநிதிகள் அங்கே தங்கிச் செலவழித்தது அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று வழக்குகள் தொடரப்பட்டன. அவருடைய பதவிக்காலம் முடிந்த பிறகு, 2021 ஜனவரியில், அவற்றை விசாரிப்பதில் இனிப் பொருளில்லை என்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. கேள்விக்குத் தீர்ப்பு கிடைக்கவில்லை.

புளூம்பர்க்கின்மீது இப்படிப்பட்ட வழக்கு எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு கணக்கு யோசிக்க வைக்கிறது. 2009 மேயர் தேர்தலுக்கு மட்டும் அவர் தமது சொந்தப் பணத்தில் 100 மில்லியன் டாலருக்கும் மேல் செலவழித்தார். ஒரு டாலர் சம்பளம் வாங்கும் மேயர் நகரத்துக்கு மலிவுதான். ஆனால் அவரை எதிர்த்து நிற்க நினைக்கிறவருக்கு எவ்வளவு செலவாகும்?

சம்பளம் என்பது ஒருவருக்குப் பணம் வரும் வழிகளில் ஒன்று. வெளியே தெரிகிற, கணக்கு வைக்கப்படுகிற, எல்லோரும் பார்க்கக்கூடிய வழி அது. அந்த ஒரு கதவை மூடிவிட்டதாகச் சொல்லும்போது, மற்ற கதவுகள் என்ன நிலையில் இருக்கின்றன என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

சரி, அப்போ நிறையச் சம்பளம் கொடுத்தால் போதுமா?

அதுவும் முழுப் பதில் இல்லை.

1994இல், திரு கோ சோக் டோங் பிரதமராக இருந்தபோது, அமைச்சர்களின் சம்பளத்தைத் தனியார் துறையில் ஆக அதிகம் சம்பாதிப்பவர்களின் வருமானத்தோடு ஒப்பிட்டு நிர்ணயிக்கும் முறையை அரசாங்கம் ஒரு வெள்ளை அறிக்கையில் முன்வைத்தது. திறமையானவர்கள் வர வேண்டும், வந்தவர்கள் நேர்மையாக இருக்க வேண்டும், அதற்குப் போட்டித்தன்மையுள்ள சம்பளம் அவசியம் என்பது வாதம். 2012 அறிக்கை அதோடு 'ஒளிவுமறைவற்ற சம்பளம்' என்ற கொள்கையையும் வலியுறுத்தியது. அதாவது வீடு, கார் என்று மறைமுகச் சலுகைகள் கிடையாது. ஓய்வூதியமும் நீக்கப்பட்டது. கொடுப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் சம்பளம்தான்.

ஆனால் நல்ல சம்பளம் வாங்கும் அமைச்சர் தவறே செய்ய மாட்டார் என்று உத்தரவாதம் கொடுக்க முடியாது. முன்னாள் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரன், பொது ஊழியராக இருந்துகொண்டு மதிப்புமிக்க பொருள்களைப் பெற்றது, நீதிக்குத் தடையாக இருந்தது ஆகிய குற்றங்களை ஒப்புக்கொண்டார். 2024 அக்டோபரில் அவருக்கு 12 மாதச் சிறை விதிக்கப்பட்டது.

அந்த வழக்கிலும் சம்பளம் ஒரு பங்கு வகித்தது. 2023 ஜூலையில் விசாரணை தொடங்கியதும் அவர் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார். மாதச் சம்பளம் 8,500 வெள்ளியாகக் குறைக்கப்பட்டது. 2024 ஜனவரியில் பதவி விலகியபோது, கைதானதற்குப் பிறகு பெற்ற சம்பளத்தையும் நாடாளுமன்ற உறுப்பினர் படித்தொகையையும் அவர் திருப்பிக் கொடுத்தார்.

அங்கே தவறைக் கண்டுபிடித்தது சம்பளம் இல்லை, விசாரணை அமைப்பு. சம்பளம் அதிகமோ குறைவோ, ஒரு ரூபாயோ ஒரு மில்லியனோ, கண்காணிப்பு இல்லாவிட்டால் பயனில்லை.

'பணக்காரர்' என்று யார் முடிவு செய்வது?

இன்னொரு நடைமுறைச் சிக்கல். வசதியானவர்கள் வாங்க வேண்டாம் என்றால், யார் வசதியானவர் என்று முதலில் தெரிய வேண்டும்.

இந்தியாவில் வேட்பாளர்கள் தங்கள் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட்டாக வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சிங்கப்பூரில் அமைச்சர்கள் தங்கள் சொத்து, கடன், பிற வருமானம் ஆகியவற்றைப் பிரதமர் வழியாக அதிபரிடம் தெரிவிக்க வேண்டும் என்று நடத்தை விதிமுறை சொல்கிறது. ஆனால் அந்த விவரங்கள் ரகசியமாக வைத்திருக்கப்படும். பொதுமக்கள் பார்க்க முடியாது.

எது சிறந்தது என்பது தனி விவாதம். ஆனால் ஒன்று தெளிவு. வெளிப்படையான கணக்கு இல்லாத இடத்தில், 'வசதியானவர் விட்டுக்கொடுக்கட்டும்' என்பதை ஒரு விதியாக வைக்க வழியில்லை. யார் முன்வந்து சொல்கிறாரோ அவருக்குப் பாராட்டு, சொல்லாதவருக்குத் திட்டு என்றுதான் போய் முடியும்.

அப்போ பதில்தான் என்ன?

வசதியான ஒருவர் தமது சம்பளத்தை விட்டுக்கொடுத்தால், அது அவருடைய விருப்பம். பாராட்டலாம். ஆனால் அப்படிச் செய்தே ஆக வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கத் தொடங்கினால், அடி விழுவது பணக்காரர்மேல் இல்லை. அவருக்குச் சம்பளம் போனாலும் வாழ்க்கை ஓடும். சம்பளத்தை நம்பி மட்டுமே பொதுவாழ்க்கைக்கு வரக்கூடியவர்மேல்தான் அந்த அடி விழும்.

சம்பளம் ஆளுக்கு உரியதில்லை, பதவிக்கு உரியது. இன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து அதை நிர்ணயிக்க முடியாது. நாளை யார் வந்து உட்கார வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அவரையும் மனத்தில் வைத்துத்தான் நிர்ணயிக்க வேண்டும். சம்பளத் தொகை அதிகம் என்று நினைக்கிறீர்களா? அப்படியென்றால் எல்லோருக்கும் பொதுவாகக் குறைக்கும்படி கேளுங்கள். 2012இல் நடந்தது அதுதான்.

அடுத்த முறை 'சம்பளம் வேண்டாம்' என்ற செய்தி உங்கள் திரையில் வந்தால், பகிர்வதற்குமுன் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

• எந்தச் சம்பளம்? பதவிச் சம்பளம் மட்டுமா, மற்றப் படித்தொகைகளுமா?
• அந்தப் பணம் எங்கே போகிறது? கஜானாவிலேயே இருக்கிறதா, அவர் தேர்ந்தெடுக்கும் அமைப்புக்குப் போகிறதா?
• அவருக்கு வேறு எங்கிருந்தெல்லாம் வருமானம் வருகிறது? அதை யார் கண்காணிக்கிறார்கள்?
• ஒருவர் மட்டும் செய்கிறாரா, எல்லோரும் சேர்ந்து செய்கிறார்களா?
• வசதி இல்லாத ஒருவர் இதே பதவிக்கு வந்தால், அவராலும் இப்படிச் செய்ய முடியுமா?

கடைசிக் கேள்வி உங்களைப் பற்றியதும்தான். சிங்கப்பூரில் 21 வயதானால் நாடாளுமன்றத் தேர்தலில் போட்டியிடலாம். மலேசியாவில் 18 வயதே போதும். 2025 பொதுத் தேர்தலில் சிங்கப்பூர் வேட்பாளர் ஒருவர் கட்டவேண்டிய வைப்புத்தொகை 13,500 வெள்ளி. பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்குகூடக் கிடைக்காவிட்டால் அது திரும்ப வராது.

உங்கள் வகுப்பில் படித்த, நன்றாகப் பேசக்கூடிய, அக்கம்பக்கத்தினரின் பிரச்சினைகளுக்கு ஓடி ஓடி உதவக்கூடிய அந்தத் தோழியை நினைத்துப் பாருங்கள். வீட்டுக் கடனும் வயதான பெற்றோரும் அவருடைய பொறுப்பு. வேலையை விட்டுவிட்டு முழுநேர அரசியலுக்கு வரச்சொன்னால், அவர் முதலில் கேட்கப்போவது "சம்பளம் எவ்வளவு?" என்பதைத்தான். அந்தக் கேள்வியை அவர் கூச்சமில்லாமல் கேட்கும் நிலை இருக்கவேண்டும்.